நீ ரயிலில் உட்கார்ந்திருந்த மதியம்

நேற்று யாழினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பனியில் நனைந்த கையுறைகளைச் சுவரோரத்து ஹீட்டரின் மேல் காயப்போட்டாள். கொஞ்ச நேரத்தில் வீடெல்லாம் அந்த வாடை. ஈரக் கம்பளி சூடாகும்போது வருமே, பாதி நாய்க்குட்டி போலவும் பாதி இஸ்திரிப் பெட்டி போலவும். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். ஜெர்சி சிட்டியில், இரண்டாம் மாடியில், என் வீட்டு ரேடியேட்டரின் மேல் உன் கையுறையும் என் கையுறையும் இரண்டு பச்சைக் குழந்தைகளின் காலுறைகளும் காய்ந்துகொண்டிருந்த அந்தக் குளிர்காலம் என் மனதில் இந்த வாடையாகத்தான் தங்கியிருக்கிறது.

போன சனிக்கிழமை உன் மகன் வந்துவிட்டுப் போனான். அதனால்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேனா, இல்லை இந்த வாடையாலா, தெரியவில்லை. எதனால் எது என்று பிரித்துச் சொல்ல எனக்கு எப்போதுமே வந்ததில்லை. உனக்குத் தெரியும்.

நாம் முதலில் சந்தித்தது அந்தப் பழைய செங்கல் கட்டடத்தின் அடித்தளத்தில், துணி துவைக்கும் அறையில். எனக்கு ஏழு மாதம். காசை விழுங்கிவிட்டுச் சும்மா நின்ற இயந்திரத்தை, "நாசமாப் போற மெஷின்" என்று திட்டினேன். யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். பின்னாலிருந்து ஒரு குரல், "அத ரெண்டு தட்டு தட்டணும், அப்பதான் கேக்கும்" என்றது. திரும்பினால் நீ. என் வயிற்றைவிடப் பெரிய வயிற்றோடு, கையில் சோப்புப் பொடி டப்பாவோடு. நீ நாலாவது மாடி. பாளையங்கோட்டை. நான் குரோம்பேட்டை. அன்று படிகளில் ஏறும்போது நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கினோம். நான்காவது முறை நிற்பதற்குள் ஒருவர் கதையை ஒருவர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தோம்.

நவம்பர் கடைசியில் ஜோயல் பிறந்தான். மூன்று வாரம் கழித்து யாழினி. என் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. உன் அம்மா அதே மாதம் உன் அக்காவின் பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போய்விட்டார். "அக்காவுக்கு ரெட்டைப் பிள்ள. எனக்கு ஒண்ணுதான. அதான் அங்க போயிட்டா" என்று நீ சிரித்துக்கொண்டு சொன்னாய். உன் கணவர் திங்கட்கிழமை விமானம் ஏறி ஒஹாயோவுக்குப் போய் வியாழக்கிழமை திரும்புகிற வேலையில் இருந்தார். என் கணவர் பத்து நாள் விடுப்பு முடிந்து மன்ஹாட்டனுக்கு ஓட ஆரம்பித்துவிட்டார். ஆக, அந்தக் கட்டடத்தில் பகல் முழுக்க ஒன்றும் தெரியாத இரண்டு பெண்கள், இரண்டு குழந்தைகள்.

எத்தனை குழப்பம். மருத்துவமனையில் கொடுத்த தாளில், நீங்கள் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூடுதலாகக் குழந்தைக்குப் போடுங்கள் என்று இருந்தது. நானே மூன்று அடுக்கு போட்டிருந்தேன். அப்படியானால் யாழினிக்கு நாலா? ரேடியேட்டரோ நம் பேச்சைக் கேட்காது. ஒன்று கொதிக்கும், இல்லையென்றால் செத்துக் கிடக்கும். கொதிக்கும்போது ஜன்னலைத் திறப்போம். திறந்தால் பனிக்காற்று தொட்டிலுக்கே வரும். மூடினால் குழந்தையின் கழுத்து வியர்க்கும். கழுத்து வியர்க்கிறதே என்று தொப்பியைக் கழற்றினால் விரல்நுனி நீலமாகும். விரல் நீலமானது குளிராலா, இருதயக் கோளாறாலா? சந்தேகம் கேட்க மருத்துவமனை வைத்திருந்த நர்ஸ் லைனுக்கு ஃபோன் போடுவோம். அந்தப் பெண் பொறுமையாக, குழந்தை ஃபஸ்ஸியாக இருக்கிறாளா என்று கேட்பாள். நான் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு உன்னைக் கேட்பேன்.

"ஃபஸ்ஸின்னா என்ன? அழறதா, சிணுங்கறதா?"

"நைநைன்னு இருக்கறது."

"இவ நைநைன்னு இருக்காளா?"

"அவ சும்மாதான் இருக்கா. நீதான் நைநைன்னு இருக்க."

அதுவரை 'நீங்க' என்றுதான் பேசிக்கொண்டிருந்தோம். அந்த 'நீ' உன் வாயிலிருந்து எப்போது வந்தது, நான் எப்போது திருப்பிச் சொன்னேன் என்பது நினைவில்லை. அந்த மாதத்தில் பல விஷயம் நினைவில் நிற்கவில்லை.

ஜனவரியில் நாமே ஓர் ஏற்பாடு செய்தோம். தினமும் பத்து மணிக்கு நீ ஜோயலைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி என் வீட்டுக்கு வருவாய். ஒருத்தி இரண்டு மணி நேரம் தூங்க, மற்றவள் இரண்டு குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது. பிறகு மாற்றிக்கொள்வது. யார் எப்போது பால் குடித்தார்கள், யாருக்கு எப்போது டயப்பர் மாற்றினோம் என்று ஒரு பழைய உறையின் பின்பக்கம் எழுதி வைப்போம். மாலையில் பார்த்தால் இரண்டு பேரின் கணக்கும் கலந்து கிடக்கும். யாழினிக்குக் கன்னத்தில் மை வைப்பேன். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்ல இதெல்லாம் கிடையாது. பரவால்ல, அவனுக்கும் ஒண்ணு வச்சு விடு" என்றாய். வைத்தேன். அன்று உன் கணவர் வீடியோ காலில் அதைப் பார்த்து, கன்னத்தில் என்ன அழுக்கு என்று கேட்டாராம்.

யாழினிக்கு எடை ஏறவில்லை. பால் போதவில்லை போலிருக்கிறது, பவுடர் பாலும் சேர்த்துக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவளை மார்பில் போடும்போது ஏதோ பரீட்சைக்கு உட்காருவது போல இருக்கும். அவள் இரண்டு நிமிடம் சப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உன் ஜோயலோ குடித்துக் குடித்துக் கன்னம் தொங்கிப் போயிருந்தான். உன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. இதை உன்னிடம் சொன்னதில்லை.

நீ மாறிக்கொண்டிருந்ததை நான் எப்போது கவனித்தேன்? கவனித்தேனா? உன் முறை வரும்போது படுப்பாய், ஆனால் தூங்கமாட்டாய், சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பேச்சு குறைந்தது. ஒருநாள் ஜோயல் அழுதுகொண்டிருக்க, நீ பக்கத்திலேயே உட்கார்ந்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். "தூக்கேன்" என்றேன். "தூக்குதேன்" என்றாய். தூக்கவில்லை. நான் எழுந்து வந்து தூக்கினேன். களைப்பு என்று நினைத்தேன். எனக்கும் அப்படித்தானே இருந்தது. உன்னுடையது எங்கே தொடங்குகிறது, என்னுடையது எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில் அந்தச் செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் கொட்டிய பனி நடைபாதையில் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. பதினோரு மணிக்கு, உன் கணவரின் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாய்.

"மருந்துக்கடை வரைக்கும் போயிட்டு வாரேன். இவனுக்குப் பின்னால செவந்து போய் இருக்கு, கிரீம் வாங்கணும். இருவது நிமிஷம்."

"இந்தக் குளிர்லயா? நாளைக்குப் போயேன்."

"இருவது நிமிஷம்தான."

ஒரு பாட்டிலில் பால் எடுத்து வைத்திருந்தாய். ஜோயலை என் கையில் கொடுத்தாய். அவன் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாய். போய்விட்டாய்.

பன்னிரண்டு மணிக்கு அவன் பாட்டிலைக் காலி செய்தான். ஒரு மணி ஆனது. உன்னைக் கூப்பிட்டேன். சோபாவின் இடுக்கில் உன் ஃபோன் அடித்தது. ஒன்றரைக்கு ஜன்னலருகே போய்ப் பார்த்தேன். தெருவில் பனி அள்ளுகிற ஓர் ஆளைத் தவிர யாருமில்லை. வழுக்கி விழுந்திருப்பாயோ? இரண்டு குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு அந்தக் குளிரில் இறங்கித் தேட முடியாது. உன் வீட்டுச் சாவி என்னிடம் இல்லை. என் கணவருக்கு ஃபோன் போட்டேன்.

"போலீசுக்குச் சொல்லிடலாமா?" என்றார்.

"என்னன்னு சொல்றது? கொழந்தைய விட்டுட்டு அம்மா போயிட்டான்னா?"

இந்த ஊரில் அப்படிச் சொன்னால் என்ன ஆகும் என்று நாங்கள் இருவருமே யார் யாரோ சொல்லிக் கேட்டிருந்தோம். குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பார்கள். உண்மையா என்று தெரியாது. சொல்லாமல் இருந்து, நீ எங்கேயோ பனியில் விழுந்து கிடந்தால்? உன் கணவருக்குச் சொன்னால் ஒஹாயோவில் உட்கார்ந்துகொண்டு அவர் என்ன செய்வார்?

"இன்னும் அரை மணி நேரம் பாக்கறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த அரை மணி நேரத்தை நான் எந்தக் கணக்கில் கேட்டேன்?

இரண்டரைக்கு ஜோயல் எழுந்தான். யாழினிக்கு வைத்திருந்த பவுடர் பாலைக் கரைத்துக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தான், முகத்தைச் சுளித்தான், துப்பினான். மறுபடி கொடுத்தேன். குடித்தது எல்லாவற்றையும் என் தோளில் கக்கினான். பிறகு அவன் அழுத அழுகை இருக்கிறதே, அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. முகம் கறுத்து, மூச்சு நின்று நின்று வந்தது. நான் நடந்தேன், ஆட்டினேன், ஜன்னலைக் காட்டினேன். யாழினி தொட்டிலில் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது என் நைட்டி நனைவது தெரிந்தது. அவன் அழ அழ எனக்குப் பால் இறங்கிக்கொண்டிருந்தது. யாருடைய குழந்தை அழுகிறது என்று உடம்புக்குத் தெரியவில்லை.

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. யோசிக்கவில்லை. சோபாவில் உட்கார்ந்து அவனை மார்பில் போட்டேன்.

உடனே அழுகை நின்றது. அவன் பிடித்த பிடி வேறு. யாழினியுடையது போலத் தயங்கித் தயங்கிப் பிடிக்கிற பிடி அல்ல. மடக்கு மடக்கென்று அவன் விழுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குப் பால் இருக்கிறது என்று அப்போதுதான் முதன்முதலாக நம்பினேன். சந்தோஷமாக இருந்தது. உன்னைக் காணவில்லை, வெளியே அப்படிக் குளிர், நான் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன். அடுத்த நிமிடம் திருடியைப் போல இருந்தது. உன் பிள்ளையை உன்னிடமிருந்து திருடுகிறேனா, என் பிள்ளையின் பாலைத் திருடி உன் பிள்ளைக்குக் கொடுக்கிறேனா? அன்று மாலை யாழினிக்குப் பவுடர் பால்தான் கொடுத்தேன். ஜோயல் குடித்து முடித்து, வாய் திறந்தபடி என் இடது கையில் தூங்கிப்போனான். கன்னத்தில் மை கலைந்து காதுவரை இழுபட்டிருந்தது.

நாலரைக்குக் கதவைத் தட்டினாய். முகம் சிவந்து, உதடு வெடித்து, கோட்டின் முன்பக்கம் நனைந்து. கையில் கிரீம் இல்லை.

"எங்கடி போன?"

"ட்ரெயின்ல இருந்தேன்."

மருந்துக்கடையைத் தாண்டி நடந்தாயாம். ஸ்டேஷன் வந்ததாம். சுரங்கப் படிகளில் இறங்கி, நியூயார்க் போகிற ரயிலில் ஏறினாயாம். கடைசி ஸ்டேஷனில் எல்லோரும் இறங்கினார்கள், நீ இறங்கவில்லை. அது திரும்பி வந்தது. மறுபடியும் போனாய். எத்தனை தடவை என்று எண்ணவில்லை என்றாய்.

"ஏன்?"

"தெரியல. உள்ள கதகதப்பா இருந்துச்சு. யாரும் அழல. எறங்கத் தோணல."

பிறகு கேட்டாய், "அழுதானா?"

"கொஞ்சம்."

"பாலு?"

"பாட்டில்தான் இருந்துச்சே."

நீ கோட்டைக் கழற்றினாய். சட்டை முழுக்க உன் பாலில் நனைந்திருந்தது. அவனை வாங்கி மார்பில் போட்டாய். தூக்கத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுபடி போட்டாய். வேண்டாம் என்று உதட்டை மூடிக்கொண்டான். பன்னிரண்டு மணிக்கு ஒரு பாட்டில் குடித்த குழந்தை, நாலரை மணிக்கு.

"இவனுக்குப் பசிக்கலையோ" என்றாய். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய்.

டீ போடுகிறேன் என்று நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அந்தப் பார்வையை நான் திரும்பிப் பார்த்திருந்தால் இந்த மடலுக்கு வேலை இருந்திருக்காது. உனக்குத் தெரிந்துவிட்டது என்று சில நாள் தோன்றும். உனக்கு அன்று எதுவுமே தெரிகிற நிலை இல்லை என்று சில நாள் தோன்றும். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு நீ சொன்னது ஒன்றுதான். "அவர்ட்ட சொல்லாத."

"சரி" என்றேன். நீ பனியில் வழுக்கி ஒரு கடையில் உட்கார்ந்திருந்தாய் என்று என் கணவரிடம் சொன்னேன்.

மறுநாளிலிருந்து நீ இறங்கி வரும்வரை நான் காத்திருக்கவில்லை. ஒன்பது மணிக்கே யாழினியைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறினேன். டாக்டரிடம் பேசலாமா என்று கேட்டேன். ஆறாவது வாரப் பரிசோதனையில் மனநிலை பற்றி ஒரு தாள் கொடுத்தார்களே, அதில் என்ன எழுதினாய் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் நல்லா இருக்கேன்னுதான் போட்டேன். பரீட்சைல நல்ல மார்க் வாங்குத பிள்ளைல்லா நான்" என்றாய். சிரிப்பதா என்று தெரியாமல் இருவரும் சிரித்தோம். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தியிருக்க வேண்டும் என்று இன்று தெரிகிறது. அன்று, வற்புறுத்தினால் நீ மறுபடி ரயிலேறிவிடுவாயோ என்று பயம்.

ஒரு வாரம் கழித்து நீயே சொன்னாய், "அந்த நர்ஸுக்குப் போன் போட்டுக் குடு. நான் பேசுதேன்." போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை குழந்தையைப் பற்றிப் பேசவில்லை. உன்னைப் பற்றி, உனக்குத் தெரிந்த எல்லா ஆங்கிலத்திலும், நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னாய். நான் உன் பக்கத்தில் இரண்டு குழந்தைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு டாக்டர், மாத்திரை, வாரம் ஒருமுறை பேச ஒரு பெண்மணி. ஏப்ரலில் பனி கரைந்து நடைபாதை தெரிந்தபோது நீ பழையபடி வாயாட ஆரம்பித்திருந்தாய். யாழினிக்கும் எடை ஏறியது. எதனால் என்று கேட்காதே.

அடுத்த வருடம் உன் கணவருக்குத் தெற்கே வெகு தூரத்தில் பிளானோவில் வேலை கிடைத்துப் போய்விட்டீர்கள். நாங்கள் இங்கே பிஸ்கட்டவேயில் வீடு வாங்கினோம். ஃபோன் பேச்சு வாரம் ஒன்று, மாதம் ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று என்று ஆனது. பிறகு உனக்கு ரத்தப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. நான்கே மாதம். கடைசியில் ஒருமுறை வீடியோவில் பேசினோம். தலையில் துணி கட்டியிருந்தாய். "அந்த ட்ரெயினு ஞாபகம் இருக்கா?" என்றாய். இருக்கிறது என்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. உன் கணவர் தலையணையைச் சரிசெய்ய உள்ளே வந்துவிட்டார். நீ பேச்சை மாற்றினாய். நீ போய் மூன்று வருடம் ஆகிவிட்டது.

போன சனிக்கிழமை, விடுமுறைக்கு இந்தப் பக்கம் வந்த உன் கணவரும் ஜோயலும் ஒருநாள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். ஜோயலுக்கு எட்டு வயது. உன் புருவம், உன் நடை. தமிழ் புரிகிறது, பதில் மட்டும் ஆங்கிலத்தில். யாழினியோடு பத்தே நிமிடத்தில் சண்டை போட்டு, அடுத்த பத்து நிமிடத்தில் சமாதானமாகிவிட்டான்.

சாப்பிட்டு முடித்ததும் உன் கணவர் காபி டம்ளரை உருட்டிக்கொண்டே கேட்டார். "அந்த விண்டர்ல நான் பாதி நாள் ஃப்ளைட்லயே இருந்தேன். அவ மாத்திரை எடுத்துக்கிட்டான்னு தெரியும். அதுக்கு மேல ஒண்ணும் சொன்னதில்ல. அப்ப என்னதான் நடந்துச்சு? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

நீ சொல்லாதே என்று சொன்னது உயிரோடு இருந்தபோது. போன பிறகும் அது செல்லுமா? அவர் உன்னைத் தப்பாக நினைக்கிற ஆள் இல்லை. தெரிந்துகொள்ள ஏங்குகிற ஆள். ஆனால் தெரிந்தால், அன்று அவளோடு இல்லாமல் போனேனே என்று வாழ்நாள் முழுக்க நோகவும் கூடியவர்.

"ரொம்ப டயர்டா இருந்தா" என்றேன். "ரெண்டு பேருமே."

அவர் தலையாட்டினார். நம்பினாரா என்று தெரியவில்லை.

அவர்கள் கிளம்புவதற்கு முன் ஜோயல் சமையலறைக்கு வந்து என் பக்கத்தில் நின்றான். அம்மாவைத் தெரிந்த எல்லோரிடமும் அவன் இதைக் கேட்கிறானாம், பிறகு உன் கணவர் சொன்னார். என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டான்: நான் பாப்பாவா இருந்தப்ப அம்மாவுக்கு என்னைப் பிடிச்சுதா?

நான் குழாயை நிறுத்தினேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எல்லோரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவன் முகத்தைப் பார்த்தால், அந்தப் பதிலை நிறையக் கேட்டுவிட்டவன் போல இருந்தான்.

"உங்க அம்மாவுக்கு அப்ப ஒண்ணுமே புரியல" என்றேன். "எனக்கும்தான். ரெண்டு பேரும் முழிச்சிட்டு உட்கார்ந்திருப்போம். நீ வேற சும்மா அழுதுட்டே இருப்ப. ஆனா தினம் காலைல பத்து மணிக்கு உன்னத் தூக்கிட்டு, பாத்துப் பாத்து ரெண்டு மாடி இறங்கி எங்க வீட்டுக்கு வருவா."

தினமுமா என்று கேட்டான்.

"தினமும்."

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையும் நீ வந்தாய். எட்டு வருடமாக நீ போனதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். போவதற்கு முன் அவனை என் கையில் கொடுத்தாய், போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தாய், ஒரு பாட்டில் பாலை எடுத்து வைத்தாய் என்பதை ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. இருபது நிமிடம் என்று நீ சொன்னதை நீயே நம்பினாயா, தெரியாது. ஆனால் எங்கே விட்டுப் போகலாம் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

அவன் என் இடுப்பைக் கட்டிக்கொண்டான். நானும் அணைத்துக்கொண்டேன். காருக்கு ஓடிவிட்டான்.

நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், சொல்கிறேன். உன் மகனுக்கு ஒரு வேளை நான் பால் கொடுத்தேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தேன், உன்னிடம் மறைத்தேன். அன்று நிமிர்ந்து பார்த்தாயே, அதிலேயே உனக்குப் புரிந்திருந்தால் இதைப் படித்துச் சிரித்துக்கொள். புரியாமலே போயிருந்தால் கோபித்துக்கொள், எனக்குச் சம்மதம். அது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அவன் விழுங்கிய சத்தம் மட்டும் இந்தக் காதில் அப்படியே இருக்கிறது. அவன் பெரியவனாகி, தானாகக் கேட்கிற வயது வரும். அதுவரை உன் ரயிலையும் என் பாலையும் நான் பத்திரமாக வைத்திருப்பேன். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.